சனி முதல் திங்கள் வரை

செப்டம்பர் 3, செவ்வாய்

இந்த நோட்டு ஆய்வுக்கு அல்ல. அதற்குப் பக்க எண் போட்ட தடித்த நோட்டு தனியாக இருக்கிறது, ஆய்வு வழிகாட்டி மேடம் அதில் மாதாமாதம் கையெழுத்துப் போடுவார். இது மனிதர்களுக்கான நோட்டு. யார் எந்தத் தேதியில் என்ன சொன்னார்கள், யார் என் மேஜைப் பக்கம் எதற்கு வந்தார்கள் என்று எழுதிவைத்தால் பின்னால் உதவும். ஏழாவது வருடமாக ஆராய்ச்சி மாணவனாக இருப்பவனுக்கு ஞாபகத்தை மட்டும் நம்பினால் கட்டுப்படியாகாது.

டிசம்பர் 31 எனக்குக் கடைசி நாள். அதற்குள் ஆய்வேட்டைக் கொடுக்காவிட்டால் பதிவு ரத்து. முப்பத்தாறு வயதில் 'முயன்றார்' என்று மட்டும் சொல்லிக்கொள்ளலாம்.

இன்று பல்லடம் பக்கத்து நூற்பாலையில் என் ஃபிலிமை ஒட்டிவிட்டு வந்தேன். ஃபிலிம் என்றால் துத்தநாக ஆக்சைடு. பிளாஸ்டிக் தாளின் மேல் தலைமுடியில் நூறில் ஒரு பங்கு கனத்துக்குப் படியவைப்பது. அதிர்வு பட்டால் துளி மின்சாரம் கொடுக்கும். பேரிங் இருக்கும் இரும்புக்கூட்டின் மேல் பிளாஸ்திரி மாதிரி ஒட்டிவிட்டால், உள்ளே குண்டு தேய ஆரம்பித்ததும் மனிதக் காதுக்கு முன்னால் சொல்லிவிடும். சொல்ல வேண்டும். அதைத்தான் நான் நிரூபிக்க வேண்டும்.

பஞ்சுத் தூசியை உறிஞ்சும் பெரிய ஃபேன் ஒன்று, அதற்கு இரண்டு பேரிங். மோட்டார் பக்கம் என் ஃபிலிம். கடைசிப் பக்கம் ரெஜினாவின் ஃபிலிம். ரெஜினா நாகர்கோவில்காரி, இரண்டாம் வருடம்தான். இரண்டு பேரையும் ஒரே ஃபேனில் எதற்குக் கட்டிப்போட்டார் மேடம்? ஒப்பிட்டுப் பார்க்கவாம். யாரை யாரோடு?

ஒரு சின்னப் பெட்டி மணிக்கு ஒரு தடவை ஃபிலிம் காட்டும் அளவைப் பதிந்துகொள்ளும். செவ்வாய்தோறும் நான் போய் அதை எடுத்து, கையோடு டிபார்ட்மென்டின் அதிர்வு மீட்டரை வைத்தும் அளக்க வேண்டும். எட்டு வாரம் இரண்டும் ஒத்துப்போனால் மேடம் கையெழுத்துப் போடுவார்.

ஆலையின் ஃபிட்டர் பெயர் ஆறுக்குட்டி. ஐம்பது வயதிருக்கும். நான் ஒட்டி முடிக்கும் வரை பக்கத்திலேயே நின்றார்.

"ஏனுங் சார், இது நல்லாருக்குதா இல்லையான்னு மார்க் போடுமுங்களா?" என்று கேட்டார்.

"அப்படித்தான் வெச்சுக்குங்களேன்" என்றேன். அவரிடம் போய் துத்தநாக ஆக்சைடைப் பற்றிப் பேச முடியுமா?

செப்டம்பர் 4, புதன்

மேஜை டிராயருக்குப் பூட்டு வாங்கினேன்.

செப்டம்பர் 10, செவ்வாய்

முதல் வாரப் பதிவு. என்னவோ சரியில்லை.

புதன், வியாழன் அமைதி. வெள்ளி லேசாக முணுமுணுப்பு. சனிக்கிழமையிலிருந்து ஏற ஆரம்பித்து, திங்கள் மதியம் மூன்று மடங்கு. பிறகு திங்கள் மாலை நாலு மணிக்குச் சொல்லிவைத்தாற்போல் விழுந்துவிடுகிறது. இன்று காலை மீட்டரை வைத்துப் பார்த்தால் பேரிங் பச்சைக் குழந்தை மாதிரி தூங்குகிறது.

மீட்டர் விலை உயர்ந்தது, வெளிநாட்டது. அது பொய் சொல்லாது. அப்படியென்றால் என் ஃபிலிம் பொய் சொல்கிறது. அல்லது யாரோ சொல்லவைக்கிறார்கள்.

ஆறுக்குட்டி நல்ல மனிதர்தான். ஃபேனைச் சுற்றிக் கூட்டி, பேரிங் கூட்டைத் துடைத்துப் பளபளவென்று வைத்திருந்தார். டீ வாங்கிக் கொடுத்தார். பெட்டியைக் கழற்றும்போது முழுக்கைச் சட்டையில் கிரீஸ் அப்பிக்கொண்டது. என் மனைவி பிருந்தா துவைக்கும் கல்லுக்கும் எனக்கும் கேட்கும்படி திட்டிக்கொண்டிருக்கிறாள்.

செப்டம்பர் 12, வியாழன்

மேடத்திடம் வரைபடத்தைக் காட்டினேன். கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிப் பார்த்தார். "ஃபிலிம் உரியுது, குணசீலன். ஒட்டறதே சரியில்ல. ரெஜினாவோடதப் பாருங்க, கோடு மாதிரி போகுது."

ரெஜினாவோடதைப் பார்த்தேன். கோடு மாதிரிதான் போகிறது. அதில் என்ன பெருமை என்று தெரியவில்லை.

வெளியே வந்ததும் ரெஜினா மெல்லச் சொன்னாள்: "அண்ணே, ஏழு நாளைக்கு ஒருக்கா ஏறி எறங்குதுன்னா அது ஃபிலிமோட கோளாறு இல்ல. ஃபிலிமுக்கு என்ன கிழமையா தெரியும்? அது ஆளு பண்ணுத வேலையாக்கும்."

எங்கப்பன் குதிருக்குள் இல்லை என்பது இதுதான். நான் ஆள் என்று யாரையும் சொல்லவே இல்லையே! அவள் ஏன் ஆள் என்கிறாள்? அவள் தன் பெட்டியை எடுக்க ஆலைக்குப் போகும் நாள் எது? சனிக்கிழமை. என் கோடு ஏற ஆரம்பிக்கும் நாள் எது?

செப்டம்பர் 17, செவ்வாய்

புது ஃபிலிம் ஒட்டியும் அதே கதை. வியாழன் வரை சாது, சனிக்கிழமை சாமியாட்டம், திங்கள் நாலு மணிக்குக் கப்சிப். மீட்டரில் ஒன்றுமில்லை. இன்னொரு சட்டையும் கிரீஸ்.

பேரிங்குக்குப் பக்கத்தில் தொங்கும் பராமரிப்பு அட்டையைப் பார்த்தேன். கடைசியாக கிரீஸ் வைத்தது செப்டம்பர் 1. அடுத்தது அக்டோபர் 1. ஒழுங்காகத்தான் செய்கிறார்கள்.

செப்டம்பர் 21, சனி

இன்று செய்ததைப் பிருந்தாவிடம் சொல்லவில்லை. இங்கே எழுதுகிறேன்.

ஆலை வாசலுக்கு எதிரே இருக்கும் டீக்கடையில் காலை ஒன்பதரையிலிருந்து உட்கார்ந்திருந்தேன். நாலு டீ, இரண்டு வடை. பதினொன்றுக்கு ரெஜினா பஸ்ஸில் வந்து இறங்கினாள். தோளில் நீலப் பை. பதினொன்று நாற்பதுக்கு வெளியே வந்தாள். நாற்பது நிமிடம்! ஒரு பெட்டியைக் கழற்றி மாட்ட பத்து நிமிடம் தாராளம். மிச்சம் முப்பது நிமிடம் என்ன செய்தாள்?

அவள் போனபிறகு எழுந்தால், எதிரில் ஆறுக்குட்டி நிற்கிறார். என்னைப் பார்த்ததும் முகம் செத்துப்போனது.

"ஏனுங் சார், இன்னைக்கு சனிக்கெழமைங்களே? நீங்க செவ்வாக்கெழமதானுங்களே வருவீங்க?"

"சும்மா இந்தப் பக்கம் வந்தேன்."

"மில்லுக்குள்ள வர்றீங்களாங்?"

"இல்ல."

மூச்சு விட்டார், நான் பார்த்தேன். "வர்றதுன்னா மொதல்லயே ஒரு போன் பண்ணிப்போடுங் சார். திடுதிப்புன்னு வந்தா நல்லாருக்காதுங்."

எதற்கு முன்கூட்டியே தெரிய வேண்டும் இவருக்கு? ரெஜினாவும் இவரும் கூட்டு. இப்போது எல்லாம் புரிகிறது.

செப்டம்பர் 24, செவ்வாய்

போன வாரமே ஃபிலிமின் நாலு ஓரத்திலும் டேப்புக்கு அடியில் என் தலைமுடி ஒவ்வொன்று வைத்துவிட்டு வந்திருந்தேன். யாராவது பிரித்து ஒட்டினால் முடி நகரும். இன்று பார்த்தால் நாலும் இருந்த இடத்திலேயே இருக்கின்றன. கிரீஸ் மட்டும் ஓரமாக வழிந்திருக்கிறது.

அப்படியானால் ஆலையில் தொடவில்லை. லேபிலேயே வேலை நடந்திருக்கிறது. ஃபிலிம் படியவைக்கும் வெற்றிடக் கலத்தின் பதிவேட்டைப் புரட்டினேன். நான் என் ஃபிலிமைப் படியவைத்ததற்கு முதல் நாள், 'கலம் சுத்தம் செய்யப்பட்டது - ரெஜினா.' எதைக் கொண்டு சுத்தம் செய்தாள் என்று எழுதவில்லை. பதிவேட்டை போட்டோ எடுத்துவைத்திருக்கிறேன்.

பிருந்தாவிடம் இதை மட்டும் சொன்னேன். அவள் பள்ளிக்கூட விடைத்தாள் திருத்திக்கொண்டிருந்தாள். "அரண்டவன் கண்ணுக்கு இருண்டதெல்லாம் பேய்" என்றாள், தலையை நிமிர்த்தாமல். "அந்தப் பொண்ணு கிளீன் பண்ணலைன்னா ஏன் பண்ணலைம்பீங்க."

இவளும் அந்தப் பக்கம்தான்.

அக்டோபர் 3, வியாழன்

நாலு வாரப் பதிவோடு மேடத்திடம் போனேன். அவருக்கு எங்கேயோ கூட்டம், நின்றுகொண்டே பேசினார்.

"இன்னும் நாலு வாரம்தான் இருக்கு. ஃபிலிமும் மீட்டரும் ஒத்துப்போகாம நான் எப்படிக் கையெழுத்துப் போடறது?"

"வாரக் கடைசி டேட்டா மட்டும்தான் மேடம் ஒத்துப்போகல. மீட்டர் வெக்கிற அன்னைக்கு ஒத்துப்போகுது."

"அப்ப என்ன பண்ணணும்னு நான் சொல்லணுமா? ஏழாவது வருஷம், குணசீலன்."

இதற்கு என்ன பொருள்? யோசித்து யோசித்துப் பார்த்துவிட்டேன். அவர் செய் என்றும் சொல்லவில்லை, செய்யாதே என்றும் சொல்லவில்லை. கெட்டிக்காரர்.

அக்டோபர் 4, வெள்ளி

டேட்டாவைச் சுத்தம் செய்தேன். சனி முதல் திங்கள் மாலை வரை வருவது இரைச்சல். இரைச்சலை நீக்குவது எல்லா லேபிலும் வழக்கம்தான்.

அக்டோபர் 8, செவ்வாய்

ஆலை. மீட்டர் வழக்கம்போல் அமைதி. பெட்டியைத் திறந்து பார்த்தேன், திங்கள் மதியம் நாலு மடங்கு. எப்படியும் அது எடுக்கப்போகிற பகுதிதான்.

ஆறுக்குட்டி இன்று டீ வாங்கப் போகவில்லை. பக்கத்திலேயே சுற்றிக்கொண்டிருந்தார்.

"ஏனுங் சார், மீட்டர்ல நல்லாத்தான் காட்டுதுங்களா?"

"நல்லாத்தான் இருக்கு."

"எனக்கென்னமோ கைய வெச்சுப் பாத்தா ஞாயித்துக்கெழம திங்கக்கெழமயில சுடுதுங். ஆயுத பூஜைக்கு மில்லு ரெண்டு நாளு நிக்குது. அப்ப இந்தப் பேரிங்க மாத்திப்போட்டா தேவலைங். நாஞ்சொன்னா மேனேஜர் கேக்க மாட்டாருங். நீங்க ஒரு வார்த்தை சொன்னீங்கன்னா..."

ஞாயிறு, திங்கள் என்று அவர் சொன்னதை நான் கவனிக்காமல் இல்லை. ஆனால் அவரும் ரெஜினாவும் பேசிக்கொண்டவர்கள். நான் 'ஆமாம், பேரிங் போச்சு' என்று எழுதிக்கொடுத்து, அவர்கள் கழற்றிப் பார்த்து உள்ளே ஒன்றும் இல்லை என்றால் என் ஃபிலிமின் மானம் ஊர் சிரிக்கும். அதற்குத்தான் என்னைத் தூண்டுகிறார் என்று பட்டது.

மேனேஜரும் கேட்டார். "ஆறுக்குட்டி மாத்தணுங்கறான். உங்க ரிப்போர்ட் என்ன சொல்லுது? நல்லா ஓடற பேரிங்கை எதுக்குக் கழட்டறது?"

அரைப் பக்கம் எழுதிக் கொடுத்தேன். 'ஐந்து வாரக் கண்காணிப்பின்படி பேரிங் நல்ல நிலையில் உள்ளது.' மீட்டர் அப்படித்தானே சொல்கிறது.

அக்டோபர் 9, புதன்

சுத்தம் செய்த வரைபடத்தைப் பார்த்து மேடம் முதல்முறையாகச் சிரித்தார். நீளத்துக்குப் பிசிறில்லாத கோடு. "இதத்தான் எதிர்பார்த்தேன்" என்றார்.

ரெஜினா என் தோளுக்குப் பின்னால் நின்று பார்த்துவிட்டுக் கேட்டாள்: "சனிக்கெழமை எங்கண்ணே போச்சு?"

வரைபடத்தை மடித்து டிராயரில் வைத்துப் பூட்டினேன்.

அக்டோபர் 11, வெள்ளி

லேபில் ஆயுத பூஜை. வெற்றிடக் கலத்தின் கண்ணாடி ஜன்னலில் யாரோ சந்தனமும் குங்குமமும் வைத்துவிட, மேடத்திடம் திட்டு வாங்கி எல்லோருமாகத் துடைத்தோம். பொரி, கடலை, ஒரு ஆப்பிள். ரெஜினா தேவாலயத்துக்குப் போகிறவள், ஆனாலும் பூசணிக்காய் உடைத்தது அவள்தான்.

ஆலையும் இன்று நின்றிருக்கும். பேரிங்கை மாற்றியிருப்பார்களா? என் ரிப்போர்ட்டுக்குப் பிறகு மாற்ற மாட்டார்கள்.

அக்டோபர் 15, செவ்வாய்

மாற்றவில்லை. ஐந்து மடங்கு. எடுத்துவிட்டேன்.

ஆறுக்குட்டி பேரிங்கைப் பற்றி இன்று ஒன்றும் கேட்கவில்லை. கூட்டைத் துடைத்து வைத்திருந்தார்.

அக்டோபர் 22, செவ்வாய்

ஆறு மடங்குக்கு மேல். எடுக்கக் கால் மணி நேரம்கூட ஆகவில்லை, கை பழகிவிட்டது.

அக்டோபர் 24, வியாழன்

கையும் களவுமாகப் பிடித்துவிட்டேன்.

மதியம் சாப்பிட்டுவிட்டு வந்தால் லேபின் பொதுக் கணினியில் ரெஜினா உட்கார்ந்திருக்கிறாள். திரையில் என் பெயரிட்ட கோப்புகள். பெட்டியிலிருந்து எடுத்தபடியே இருக்கும், நான் கைவைக்காத கோப்புகள். அவற்றை ஒரு பென்டிரைவில் ஏற்றிக்கொண்டிருந்தாள்.

நான் போட்ட சத்தத்தில் அடுத்த லேபிலிருந்து எட்டிப்பார்த்தார்கள். "திருட்டுத்தனமா என் டேட்டாவ எடுக்கறியா? எத்தனை நாளா நடக்குது இது? யார் எடுக்கச் சொன்னது?"

அவள் அழவில்லை, பயப்படவும் இல்லை. "மேடம் ஜூன் மாசமே என்னைய பேக்கப் எடுக்கச் சொல்லிட்டாவ. அந்த மீட்டிங்குல நீங்களும் இருந்திய அண்ணே" என்றாள்.

மேடத்திடம் கேட்டேன். உண்மைதான். எனக்கு ஞாபகமே இல்லை. இந்த நோட்டை ஜூனிலேயே ஆரம்பித்திருக்க வேண்டும்.

அப்படியானால் அவளிடம் எல்லாச் சனிக்கிழமைகளும் இருக்கின்றன.

அக்டோபர் 28, திங்கள்

மாலை ஐந்தரைக்கு ஆலை மேனேஜர் போன் செய்தார். மோட்டார் பக்கத்துப் பேரிங் இறுகி, ஷாஃப்ட் முறிந்து, பெல்ட் அறுந்து அடித்திருக்கிறது. நாலு மணி சுமாருக்கு. பக்கத்தில் நின்றிருந்தது ஆறுக்குட்டி மட்டும். வலது கை. கோவைக்குக் கொண்டுபோயிருக்கிறார்களாம்.

"நாளைக்கு நீங்க வர வேண்டாம்" என்றார்.

அக்டோபர் 29, செவ்வாய்

எட்டு வாரத்தில் நான் ஆலைக்குப் போகாத முதல் செவ்வாய். எங்கேயும் போகவில்லை.

அக்டோபர் 30, புதன்

ஆஸ்பத்திரிக்குப் போனேன். ஆறுக்குட்டிக்கு ஆள்காட்டி விரலும் நடுவிரலும் இல்லை. முன்கையில் எலும்பு முறிவு. அவர் மனைவி ஃபிளாஸ்க்கோடு கடைக்குப் போயிருந்தார். கட்டிலுக்குப் பக்கத்தில் ஸ்டூலில் உட்கார்ந்தேன்.

ஃபேன் ஓடும்போது பெல்ட் பக்கம் எதற்குப் போனார் என்று கேட்டேன். அவர் என் முகத்தைப் பார்க்காமல் சொன்னதை அப்படியே எழுதுகிறேன்.

"கிரீஸ் வெக்கப் போனனுங். நீங்க வர்றதுக்கு மொத நாளு சாயந்தரம், சிப்டு முடியறப்ப, ரெண்டு பம்பு கூடுதலா அடிச்சுப்போடுவனுங். அடிச்சா சத்தம் அடங்கிரும், ஒரு மூணு நாளைக்குக் கம்முனு இருக்கும். ஆடிட்காரங்க வந்தா சொவத்துக்குப் பெயின்ட் அடிக்கறமல்லங், அது மாதர. அட்டையில எழுதலீங். ரீடிங் மோசமா வந்தா மிசினைச் சொல்ல மாட்டாங்க, பிட்டரத்தான் சொல்லுவாங்க."

இடது கையால் போர்வையை இழுத்துவிட்டுக்கொண்டு, "உங்க மீட்டரையும் ஏமாத்திப்போட்டனுங் சார். மன்னிச்சுக்கோணும்" என்றார்.

திங்கள் நாலு மணி. மூன்று நாள் அமைதி. சனிக்கிழமை முதல் ஏற்றம். ஓரத்தில் வழிந்த கிரீஸ். வாராவாரம் என் சட்டைக் கை. எட்டு வாரமும் என் ஃபிலிம் ஒரு மணி நேரம்கூடப் பொய் சொல்லவில்லை.

எழுதக் கூசுகிறது, ஆனாலும் எழுதுகிறேன். அந்தக் கட்டிலுக்குப் பக்கத்தில் எனக்கு முதலில் வந்தது சந்தோஷம். என் ஃபிலிம் வேலை செய்திருக்கிறது! வெளிநாட்டு மீட்டரே கோட்டைவிட்டதை அது பிடித்திருக்கிறது! இரண்டு நொடி இருக்கும். பிறகுதான் அவர் கட்டைப் பார்த்தேன்.

ஆரஞ்சுப் பையைக் கொடுத்துவிட்டு வந்துவிட்டேன்.

அக்டோபர் 31, வியாழன்

தீபாவளி. பிருந்தா புதுச்சட்டை எடுத்திருந்தாள். அரைக்கை.

நவம்பர் 1, வெள்ளி

ஆலையில் செவ்வாய் காலை விசாரணை. மேடத்துக்கும் எனக்கும் கடிதம் வந்திருக்கிறது. கூடவே குற்றச்சாட்டின் நகல்: பராமரிப்பு அட்டையில் பதியாமல் அளவுக்கு மீறி கிரீஸ் அடித்துப் பேரிங்கைக் கெடுத்தது, ஓடும் இயந்திரத்தின் தடுப்பைக் கழற்றியது. ஆதாரம்: கல்லூரியின் அறிக்கைப்படி பேரிங் நல்ல நிலையில் இருந்தது. நிரூபணமானால் வேலை நீக்கம்.

என் அரைப் பக்கம்தான் அந்த மனிதருக்கு எதிரான பெரிய சாட்சி.

மேடம் போனில் சொன்னார்: "நம்ம ரிப்போர்ட் கிளீன். கேட்டதுக்கு மட்டும் பதில் சொல்லிட்டு வந்துருங்க. டிசம்பர் மனசுல இருக்கட்டும்."

இவருக்கு எவ்வளவு தெரியும்? அந்தப் பிசிறில்லாத கோட்டைப் பார்த்துச் சிரித்தபோது தெரிந்துதான் சிரித்தாரா? கேட்கத் துணிவில்லை. கேட்டால் திரும்ப என்னைக் கேட்பார்.

நவம்பர் 2, சனி

மடியில் கனம், வழியில் பயம். தெருவில் யார் கூப்பிட்டாலும் திடுக்கென்கிறது.

எனக்குள் கணக்குப் போட்டுப் பார்க்கிறேன். முழுப் பதிவையும் வெளியே எடுத்தால் ஃபிலிம் ஜெயிக்கும், நான் தோற்பேன். டேட்டாவைத் திருத்தியவனுக்கு எந்தப் பல்கலைக்கழகமும் பட்டம் தராது. பேசாமல் இருந்தால் ஆறுக்குட்டி போவார். அவர் எப்படியும் கிரீஸ் அடித்தவர்தானே என்று ஒரு குரல் சொல்கிறது. அந்தக் குரலை நான் நம்பவில்லை. இப்போதெல்லாம் என்னுடைய குரல் எதையுமே நம்ப முடியவில்லை.

நவம்பர் 3, ஞாயிறு

ரெஜினா வீட்டுக்கு வந்தாள். முகவரி எப்படிக் கிடைத்தது என்று கேட்கப்போய் நிறுத்திக்கொண்டேன்.

பிருந்தா காப்பி கொடுத்துவிட்டு உள்ளே போனாள், ஆனால் கதவைச் சாத்தவில்லை. ரெஜினா பென்டிரைவை மேஜை மேல் வைத்தாள்.

"எட்டு வாரமும் இதுல இருக்கு, சனி, ஞாயிறு, திங்கள் எல்லாம். கடைசி வாரத்த நேத்து மில்லுக்குப் போயி உங்க பெட்டியில இருந்து எடுத்தேன். நீங்க கொடுத்தா அது உங்க டேட்டா. நான் கொடுத்தா அது உங்க குத்தமாக்கும். செவ்வாக்கெழமை நானும் அங்க வருவேன். நீங்க பேசி முடிக்கிற வரைக்கும் நான் வாயத் தொறக்க மாட்டேன்."

"எல்லாம் தெரிஞ்சிருந்தா அன்னைக்கே ஏன் எங்கிட்டச் சொல்லல?"

"சொன்னேனே, ஆளு பண்ணுத வேலைன்னு. சனிக்கெழமை எங்கன்னும் கேட்டேன். உங்ககிட்ட எதச் சொன்னாலும் இவ எதுக்குச் சொல்லுதான்னுதான் யோசிப்பிய. என்ன சொல்லுதான்னு கேக்கவே மாட்டியளே அண்ணே."

உள்ளே பாத்திரச் சத்தம் நின்றிருந்தது.

"சனிக்கிழமை மில்லுல நாப்பது நிமிஷம் என்ன பண்ணுன?" என்று கேட்டேன். எனக்கே தெரியாமல் வந்துவிட்டது.

அவள் காப்பி டம்ளரைக் கீழே வைத்தாள். "உங்க பேரிங்குல காத வச்சுக் கேட்டுட்டு இருந்தேன். எனக்கே கேட்டுது. மேனேஜர்ட்ட போய்ச் சொல்லியிருக்கணும், சொல்லல. உங்க ஃபிலிம் தோத்தா என் ஃபிலிம் நல்லா தெரியும்லா. எனக்கும் ஒரு பேப்பர் வரணும்லா."

அவளைச் சந்தேகப்பட்டது முழுக்கத் தப்பில்லை என்று இதை எழுதும்போது ஒரு திருப்தி எட்டிப்பார்க்கிறது. சீ.

அவள் போனபிறகு பிருந்தா வந்து எதிரில் உட்கார்ந்தாள். "போய்க் கொடுத்துட்டு வாங்க" என்றாள். வேறு எதுவும் கேட்கவில்லை.

நவம்பர் 5, செவ்வாய்

மேனேஜர் அறை. அவர், தலைமை அலுவலகத்திலிருந்து ஒருவர், தொழிற்சங்கத்திலிருந்து ஒருவர், மேடம், ரெஜினா, நான். ஆறுக்குட்டி கையைத் துணியில் தொங்கவிட்டுக்கொண்டு வந்திருந்தார். உட்காரச் சொல்லியும் நின்றார்.

முதலில் அவரைத்தான் கேட்டார்கள். கிரீஸ் அடித்ததை ஒப்புக்கொண்டார். தடுப்பைக் கழற்றியதையும். "காலேஜ்காரங்க மேல ஒண்ணும் தப்பில்லீங். அவிங்களையும் ஏமாத்தினது நாந்தானுங்" என்றார். மேடம் என் பக்கம் திரும்பி லேசாகத் தலையசைத்தார், போதும் என்பது போல.

என் அறிக்கையை மேனேஜர் வாசித்தார். 'நல்ல நிலையில் உள்ளது' என்ற இடம் வந்தபோது, "அந்த வரி பொய்" என்றேன். சத்தம் வெளியே வந்ததா என்று சந்தேகமாக இருந்ததால் இன்னொரு தடவை சொன்னேன்.

லேப்டாப்பைத் திருப்பி வைத்து முழு வரைபடத்தையும் காட்டினேன். எட்டு வாரம், எட்டு மலை, ஒன்றைவிட ஒன்று உயரம். முதல் மலை செப்டம்பரிலேயே இருக்கிறது. கூடுதல் கிரீஸ் கெடுதல் செய்திருக்கலாம், ஆனால் பேரிங் முதல் வாரமே தேய ஆரம்பித்துவிட்டது, ஆயுத பூஜையன்று மாற்றியிருந்தால் இது நடந்திருக்காது, மாற்றச் சொன்னவர் ஆறுக்குட்டி, வேண்டாம் என்று எழுதிக்கொடுத்தவன் நான், சனி முதல் திங்கள் வரை வெட்டி எடுத்தவனும் நான் என்று சொல்லி முடித்தேன். தலைமை அலுவலகத்துக்காரர் எழுதிக்கொண்டே இருந்தார். மேடம் கைப்பையை எடுத்துக்கொண்டு எழுந்து போய்விட்டார். வெளியே கார் கிளம்பும் சத்தம் கேட்டது. ரெஜினா கடைசிவரை பேசவில்லை. பேச வேண்டியிருக்கவில்லை.

வேலை நீக்கம் இல்லை என்று சங்கத்துக்காரர் பிறகு சொன்னார். எச்சரிக்கையோடு முடியுமாம். எனக்கு என்ன முடிவு என்று பல்கலைக்கழகம்தான் சொல்ல வேண்டும். சொல்வதற்கு என்ன இருக்கிறது, தெரிந்ததுதான்.

வெளியே வேப்பமரத்தடியில் ஆறுக்குட்டி நின்றிருந்தார். என்னைப் பார்த்ததும் பக்கத்தில் வந்தார்.

"நீங்க ஒட்டுன அந்தத் தாளு மொதல்லருந்தே சரியாத்தான் காட்டுச்சுங்களா சார்?"

"ஆமாங்க."

"நாஞ் சுடுதுன்னு சொன்னப்பவும்?"

"ஆமா."

"அப்பறம் ஏனுங் எங்கிட்டச் சொல்லாம உட்டுப்போட்டீங்க?"

ரெஜினா, மேடம், இந்த நோட்டில் எழுதிய காரணங்கள் எல்லாம் தொண்டை வரை வந்தன. ஒன்றும் சொல்லத்தக்கதாக இல்லை. "படிப்பு போயிரும்னு பயந்துட்டேங்க" என்றேன்.

அவர் தொங்கிய கையைத் துணிக்குள் சரிசெய்துகொண்டார்.

"நானும் வேலைக்குப் பயந்துதானுங் கிரீஸ் அடிச்சேன். ரெண்டு பேரும் ஒரே வேலையத்தான் பண்ணியிருக்கறம் சார். வெரலு மட்டும் எனக்குப் போயிருச்சு."

கோபமே இல்லாமல் சொன்னார்.